கடலை எண்ணெய் மக்கு

மேட்டுத் தெருவில் கண்ணாடி ஜன்னல் வைத்த முதல் வீடு வேதாசலத்தின் வீடு. கண்ணாடி ஜன்னல் ஒழுகிய முதல் வீடும் அதுதான். முதல் செய்தியைத் திருப்புலிவனம் முழுக்க அவனே சொல்லிவிட்டிருந்ததால், இரண்டாவதை ஊர்க்காரர்கள் தாமாகவே வந்து பார்த்துக்கொண்டார்கள்.

எல்லாம் ராணிக்காகச் செய்தது. அவன் மனைவி ராணியம்மாள் பெருநகர் என்ற ஊரிலிருந்து வாழ வந்தவள். வாரப் பத்திரிகைத் தொடர்கதை ஒன்று விடமாட்டாள். கிழக்கு அறையின் ஜன்னலுக்கு மரக்கதவு. மழைக்குச் சாத்தினால் பட்டப்பகலில் விளக்கு வேண்டும். கல்யாணமான முதல் ஐப்பசியில் அவள் கதவை ஒரு விரற்கடை திறந்து வைத்து, உள்ளே விழுந்த கோட்டு வெளிச்சத்தில் பத்திரிகையை மெல்ல மெல்ல மேலே நகர்த்திப் படித்துக்கொண்டிருந்தாள். பார்த்த வேதாசலத்துக்கு மனம் உருகிவிட்டது.

"ஒனக்கு கண்ணாடி ஜன்னல் போட்டுத் தரேன்" என்றான்.

"சரி" என்றாள் ராணி.

அவள் அடுத்த ஐப்பசிக்குள் பிரசவத்துக்குப் பெருநகர் போய்ப் பெண் குழந்தையும் பெற்றுவிட்டாள். வேதாசலம் பழைய மரக்கதவைக் கழற்றிவிட்டு, தச்சர் ஏசுதாஸிடம் வேப்பமரத்தில் ஜன்னலுக்குச் சட்டம் மட்டும் செய்து வாங்கினான். கண்ணாடி பதிக்கிற வேலையைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டான். அவன் காஞ்சிபுரம் கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவன். கண்ணாடிக்குள் போகிற ஒளி எவ்வளவு வளையும் என்று கணக்குப் போடத் தெரிந்தவனுக்கு நாலு பக்கம் ஆணி அடிக்கத் தெரியாதா என்பது அவன் எண்ணம்.

உத்திரமேரூர் கடைத்தெருவில் சனாவுல்லாவின் இரும்புக் கடையில்தான் கண்ணாடி. அவர் அளவு கேட்டார். வேதாசலம் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கான நூல்கூடப் பிசகாமல் சொன்னான்.

"ஒரு நூல் கொறைச்சி வெட்டட்டுமா?" என்றார் சனாவுல்லா.

"எதுக்குக் கொறைக்கணும்? அளவெடுத்தது நான்."

"சரி நைனா. மக்கு?"

மக்கு என்பது, சட்டத்தின் உள்விளிம்பில் செதுக்கிய காடியில் கண்ணாடியை உட்கார வைத்த பிறகு சுற்றிலும் அப்புகிற பசை. சீமைச் சுண்ணாம்புப் பொடியை ஆளி விதை எண்ணெய் விட்டுப் பிசைந்து செய்வது. மந்தபுத்திக்காரனுக்கும் தமிழில் அதே பேர்தான். ஏன் அப்படி என்று வேதாசலம் பிற்பாடு நிறைய யோசித்திருக்கிறான். இரண்டுமே வைத்த இடத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கும் என்பது காரணமாக இருக்கலாம். அவன் பிசைந்த மக்கு அப்படியும் உட்காரவில்லை.

"பொடி மட்டும் குடு பாய். எண்ணெ வூட்ல கீது."

"இன்னா எண்ணெ?"

"நம்ம கொல்லக் கடல. செக்குல ஆட்டினது. கலப்படம்ன்ற பேச்சே கெடையாது."

"அது வட சுடறதுக்கு வேதாசலம். இது ஜன்னலு."

"எண்ணெ எண்ணெதான் பாய். ஒனுக்கு யாவாரம் ஆவணும், எனுக்குத் தெரியாதா."

சனாவுல்லா பொடியைப் பொட்டலம் கட்டினார். "பி.எஸ்ஸி. படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

வேதாசலம் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

பதித்த அன்று ஜன்னல் அழகாகத்தான் இருந்தது. கிழக்கு அறையில் வெயில் வந்து விழுந்தது. தூளி கட்டப் போகிற உத்தரத்தின் கீழே நின்று வேதாசலம் ஒரு தொடர்கதையைப் படித்துப் பார்த்தான். எழுத்து நன்றாகத் தெரிந்தது, கதை புரியவில்லை.

புரட்டாசிக் கடைசியில் முதல் மழை பெய்தது. காலையில் பார்த்தால் தூளி கட்டப் போகிற இடத்துக்கு நேர் கீழே தண்ணீர் தேங்கி நின்றது.

வேதாசலம் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்தான். நோயாளியைப் பார்க்கிற டாக்டரைப் போல வெகுநேரம் பார்த்தான். பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்த அவனுடைய அக்கா எல்லம்மாள், தம்பிக்குச் சோறு கொண்டுவந்தவள், கூடவே நின்று பார்த்தாள்.

"இது ஒழுவல் இல்லக்கா" என்றான் கடைசியில். "வெளிய குளுரு, உள்ள வெக்க. கண்ணாடிக்கு உள்பக்கம் வேர்க்குது. சொம்புல ஜில்லுனு தண்ணி வச்சா வெளியில முத்து முத்தா நிக்கும் பாரு, அதுமாரி."

"வேர்வ பக்கெட்டு பக்கெட்டாவா ஊத்தும்?" என்றாள் எல்லம்மாள்.

அடுத்த மழைக்குப் பிறகு அவன் ஏசுதாஸின் சட்டத்தைச் சந்தேகப்பட்டான். அதற்கடுத்த மழைக்குப் பிறகு மழையையே சந்தேகப்பட்டான், அது தன் வீட்டுக்கு மட்டும் சாய்ந்து பெய்கிறது என்று. காஞ்சிபுரம் பஸ் ரோட்டில் போகும்போதெல்லாம் கண்ணாடி கடகடவென்று ஆடியது. சினிமா நோட்டீஸை மடித்து இடுக்கில் செருகினான். நோட்டீஸ் நனைந்து ஊறி, கதாநாயகியின் பாதி முகம் சட்டத்திலேயே ஒட்டிக்கொண்டது. ஈரத்தில் மரம் ஊதியது. நூல் பிசகாமல் வெட்டிய கண்ணாடிக்கு நெளிய இடமில்லை. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் கோடு போட்டாற்போல் விரிசல் விட்டது. சனாவுல்லாவிடம் வேறு கண்ணாடி வாங்கினான். இந்த முறை ஒரு நூல் என்ன, நாலு நூல் குறைத்து வாங்கினான். அது முன்னைவிட நன்றாக ஆடியது.

இதற்கு நடுவில்தான் அவன் அந்தச் சபதத்தைச் செய்தான். குழந்தைக்குக் காப்புப் போட எல்லம்மாளோடு பெருநகர் போயிருந்தபோது, "கெயக்கு ரூம்புல ஒழுவிக்கினு கீது" என்று எல்லம்மாள் பந்தியிலேயே உளறிவிட்டாள். பந்தியில் எல்லா முகமும் வேதாசலத்தின் பக்கம் திரும்பியது. கதவுக்குப் பின்னால் மாமியார் கோவிந்தம்மாளின் வளையல் சத்தம் நின்றது. வேதாசலம் எழுந்து, இலையில் பாயசம் இருக்க, "ஜன்னல சரி பண்ணிட்டுத்தான் எம் பொண்டாட்டி புள்ளைய வந்து கூட்டிக்கினு போவேன்" என்றான். கணீரென்று இருந்தது. தொடர்கதைக் கதாநாயகன்கூட அப்படிப் பேசியிருக்கமாட்டான் என்று அவனுக்குத் தோன்றியது. ராணி மட்டும் ஏனோ தலை குனிந்து குழந்தையின் காப்பைத் திருகிக்கொண்டிருந்தாள்.

ஆக, ஜன்னல் அடைபட்டால்தான் மனைவியும் மகளும் வீடு வருவார்கள். ஐப்பசி முழுக்கப் பெய்தது. மார்கழி வந்துவிட்டால் கூட்டி வர நாள் கிடையாது. ஊரில் அவன் வயதுக்காரர்கள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார்கள். அவன் தோளில் கோணிச்சாக்கைப் போட்டுக்கொண்டு ஜன்னலைத் துடைத்தான்.

கார்த்திகை பிறந்ததும் கோவிந்தம்மாள் வந்து இறங்கினாள். மகளை அனுப்புகிற வீடு எப்படி இருக்கிறது என்று தன் கண்ணால் பார்த்துவிட்டுப் போக வந்தவள்.

அந்தப் பக்கத்தில் மாமியார் மாப்பிள்ளைக்கு எதிரே நிற்கமாட்டாள், நேராகப் பேசவும் மாட்டாள். சொல்ல வேண்டியதை மூன்றாம் ஆளிடம் சொல்லுவாள். ஆள் இல்லாவிட்டால் மாட்டிடம் சொல்லுவாள். மாடும் இல்லாவிட்டால் சுவரிடம். அது மரியாதை. கோவிந்தம்மாள் அந்த மரியாதையில் ஒரு குறையும் வைக்காதவள். கல்யாணமானதிலிருந்து வேதாசலம் அவளுடைய குரலையும் முந்தானையையும்தான் பார்த்திருக்கிறான்.

அவளும் எல்லம்மாளும் கிழக்கு அறைக்குள் போனார்கள். வேதாசலம் கிணற்றடியில், காதை மட்டும் அங்கே விட்டுவிட்டு, கை கழுவுவதுபோல் நின்றான்.

"எல்லம்மா" என்றது குரல். "ஒங்க ஜன்னல்ல அணிலு நாஷ்டா பண்ணிக்கினு கீதே."

வேதாசலம் எட்டிப் பார்த்தான். சட்டத்தின் மேல் ஒரு அணில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் மக்கைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டிருந்தது. கீழ் விளிம்பில் எறும்பு சாரை போட்டிருந்தது. கலப்படம் இல்லாத எண்ணெய் என்பதை அவை கண்டுபிடித்திருந்தன.

அந்த நேரம் பார்த்துக் காஞ்சிபுரம் பஸ் வந்தது. கண்ணாடி கடகடத்தது, ஒரு பக்கமாகச் சரிந்தது, சட்டத்தை விட்டு நிதானமாக வெளியே வந்தது. உடைந்திருந்தாலாவது விபத்து என்று சொல்லிக்கொள்ளலாம். ஜன்னலுக்கு வெளியே குவித்திருந்த கடலைக்கொடியின் மேல், தலையணை தேடிப் படுக்கிறவன்போல, ஒரு கீறல் இல்லாமல் போய்ப் படுத்தது. அணில் மட்டும் கோபித்துக்கொண்டு முருங்கை மரம் ஏறியது.

அறைக்குள் வளையல் சத்தம் நகர்ந்து ஜன்னல் பக்கம் வந்தது. பிறகு கோவிந்தம்மாளின் குரல் நிதானமாக வந்தது.

"மக்கு சரியில்ல எல்லம்மா. எனக்கு மொதல்லயே சந்தேகந்தான். பாக்க வெள்ளையா, நல்லாத்தான் கீது. தொட்டாத்தானே தெரியுது. கொழகொழன்னு. இன்னும் எத்தினி மாசமானாலும் இறுகாது. இத நம்பி எம் பொண்ண எப்பிடி அனுப்பறது? சுரண்டிப் போட்டுட்டு வேற பாக்கறதுதான் நல்லது."

வேதாசலத்தின் கையிலிருந்து சொம்பு நழுவிக் கிணற்றில் விழுந்தது.

அவன் வெள்ளையாகத்தான் இருப்பான், ராணியின் வீட்டில் அதைச் சொல்லித்தான் பெண் கொடுத்தார்கள். கொழகொழ என்பதும் யோசித்துப் பார்த்தால் சரிதான். முடிவெடுக்கிற இடத்திலெல்லாம் அவன் அப்படித்தான் இருந்திருக்கிறான், சபதம் செய்த இடத்தைத் தவிர. அதில் இறுகியிருக்கத் தேவையில்லை. முப்பது வயதில் இறுகாதவன் இனி எங்கே இறுகப்போகிறான். மாமியார் மூன்றாம் ஆளிடம் சொல்லிவிட்டாள். மரியாதையாகச் சொல்லிவிட்டாள். வேற பாக்கப் போகிறார்கள்.

கோவிந்தம்மாள் சாப்பிட்டுவிட்டு மத்தியான பஸ்ஸில் போனாள். வேதாசலம் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் சலவை வேட்டி கட்டிக்கொண்டு, உத்திரமேரூரில் பஸ் மாறி, பெருநகர் போய் இறங்கினான். எப்படியும் சுரண்டப்படுவது என்றானபிறகு, தன் காலில் போய்ச் சுரண்டப்படுவது கௌரவம் என்று வழியில் முடிவு செய்திருந்தான்.

அவன் நுழைந்ததும் கோவிந்தம்மாள் எழுந்து கதவுக்குப் பின்னால் போனாள். ராணி கூடத்தில் குழந்தையைக் காலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்ததை அவன் கவனிக்கவில்லை. சொல்ல வேண்டியதை மறந்துவிடக் கூடாதே என்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாங்க, சொல்லாம கொள்ளாம?"

"உங்கம்மா சொன்னது நாயந்தான் ராணி. எம்மேல எனுக்கே நம்பிக்க இல்ல. ஒனுக்கு வேற பாக்கறதுன்னா நான் குறுக்க நிக்கமாட்டேன். கொயந்தைய மட்டும் அப்பப்ப வந்து பாத்துட்டுப் போறேன்."

ராணி அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "ஜொரம் இல்ல. இன்னா ஆச்சி ஒங்களுக்கு?"

"மக்குன்னாங்க. கொழகொழன்னு கீறான், சுரண்டிப் போட்டுட்டு வேற பாக்கலாம்னாங்க. நானே என் காதால கேட்டேன்."

கதவுக்குப் பின்னால் வளையல் பலமாக ஒலித்தது.

"ராணி" என்றது கோவிந்தம்மாளின் குரல். "மாப்பிள இன்னா சொல்றாரு?"

"நீ அவர மக்குன்னு சொன்னியாம்மா."

"ஐயய்ய. நான் ஜன்னல்ல அப்பியிருந்த மக்கத்தான் சொன்னேன்னு சொல்லு. கையில எடுத்து மோந்து பாத்தா கடலெண்ணெ. கடலெண்ணெ கொட்டின தரையே காயாது, துணி போட்டுத் துடைக்கணும். அத ஜன்னல்ல அப்பினா எப்பிடி இறுகும்னு கேளு. அணிலு துண்ணாம இன்னா பண்ணும்னு கேளு."

ராணி எதையும் கேட்கவில்லை. அவளால் முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். அவள் கால் ஆடியதில் குழந்தை விழித்துக்கொண்டு, அப்பாவைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

"ஒங்களச் சொல்லணும்னு நெனைச்சா எங்கம்மா இவ்ளோ மரியாதையா சொல்லுமா?" என்றாள் மூச்சு வந்ததும். "வெள்ளையா கீது, நல்லா கீதுன்னு ஒங்களப் போயி யாரு சொல்லப்போறா?"

வேதாசலம் மறுபடி தரையைப் பார்த்தான். இந்த முறை அதில் புதைந்துகொள்ள இடம் இருக்கிறதா என்று பார்த்தான்.

"சரி" என்றான். "அப்ப நான் போய் அத சுரண்டிட்டு, பாய் கடையில நல்ல மக்கா வாங்கி, மொதல்லேருந்து போட்டு, அது காஞ்சதும் வந்து..."

"போதும்" என்றாள் ராணி.

சிரிப்பு போய்விட்டிருந்தது. கண்ணில் இருந்தது சிரித்ததால் வந்த தண்ணீர்தானா என்று அவனுக்கு நிச்சயமில்லை.

"நான் கேட்டனா அந்த ஜன்னல?"

"நீதான் சரின்ன."

"ஆமா, சரின்னேன். நீங்க ஆசையா சொன்னீங்க, வாணாம்னா மொகம் சுருங்கிப்பூடும், சரின்னேன். அதுக்காவ இப்பிடியா? ஐப்பசி முச்சூடும் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் வாசலப் பாத்துக்கினு கீறேன். ஒங்கக்கா வந்து சொல்லுது, மக்கு காயலியாம். கைக்கொயந்தைய வச்சிக்கினு ஒரு பொம்பள மக்கு காயட்டும்னு பொறந்த வூட்ல காத்துக்கினு கீறது எந்த ஊர்லயாவது உண்டா? தெருவுல கேக்கறாங்க, இன்னும் இன்னா காரணம்னு. நான் இன்னான்னு சொல்றது? எம் புருஷன் சபதம் பண்ணிட்டாரு, அணிலு துண்ணுட்டுதுன்னா?"

வேதாசலம் வாயைத் திறந்தான். "அந்த ரூம்பு ஒழுவும் ராணி."

"நடு ரூம்புல படுத்துக்கலாம். வூட்ல ஒரே ரூம்பா கீது?"

அது அவனுக்குத் தோன்றவே இல்லை. வீட்டில் மூன்று அறைகள். அவற்றில் இரண்டு ஒழுகாதவை. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவன் அவன். இரண்டு மாதமாக ஒரு ஜன்னலுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்ததில், தன் முதுகுக்குப் பின்னால் ஒரு வீடு இருப்பது மறந்துபோயிருந்தது.

"வெள்ளிக்கெயம நல்லா கீதுன்னு சொல்லு" என்றது கதவு.

திரும்பும் வழியில் உத்திரமேரூரில் இறங்கினான். சனாவுல்லா ஒன்றும் கேட்காமல் மக்கு டப்பாவை எடுத்து வைத்தார். கூடவே ஒரு சின்ன டின் பெயின்ட்டையும், தலையில்லாத சின்ன ஆணிகளையும் வைத்தார். "பச்ச மரம் எண்ணெய உறிஞ்சிடும். மொதல்ல காடியில பெயின்ட்டு ஒரு கோட்டிங் குடு, அது காஞ்சதும் மக்கு போடு" என்றதோடு சரி. கடலை எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது வேதாசலத்துக்கு.

வெள்ளிக்கிழமைக்குள் அவன் பழைய மக்கைச் சுரண்டி எடுத்தான். அதில் பாதி வேலையை அணிலும் எறும்பும் முன்னமே முடித்திருந்தன. எண்ணெய்ப் பிசுக்குப் போக மண்ணெண்ணெய் போட்டுக் காடியைத் துடைத்து, வெயில் அடித்த ஒரு நாளில் பெயின்ட் அடித்துக் காயவிட்டான். கண்ணாடியை ஒரே ஒரு நூல் குறைத்துப் புதிதாக வாங்கினான். ஆனால் பதிக்கவில்லை. ராணியும் குழந்தையும் வந்து இறங்கியபோது ஜன்னலில் கோணிச்சாக்குதான் தொங்கியது. எல்லம்மாள் ஆரத்தி எடுத்தாள். ராணி உள்ளே வந்ததும் நேராகக் கிழக்கு அறைக்குப் போய், சாக்கை ஒதுக்கி, சட்டத்தில் ஒட்டியிருந்த கதாநாயகியின் பாதி முகத்தைப் பார்த்தாள்.

"இது யாரு?"

"மழைக்கு அடைச்சது."

"பெயின்ட்டு அடிக்கும்போதாவது எடுத்திருக்கலாம்" என்று நகத்தால் கிள்ளி எறிந்தாள்.

மறுநாள் மத்தியானம் குழந்தை நடு அறையில் தூங்கிக்கொண்டிருந்தது. வேதாசலம் வெளியே கடலைக்கொடி மேல் நின்றான், ராணி உள்ளே. காடியில் முதலில் மெல்லிசாக மக்கை இழுத்து, அதன்மேல் கண்ணாடியை அழுத்தினான். அவள் உள்ளே இருந்து இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டாள். அவன் ஆணியைப் படுக்க வைத்துத் தட்டினான். தட்டுகிறபோதெல்லாம் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணாடி உடையவில்லை. வெளி விளிம்பில் மக்கை அப்பிக் கத்தியைச் சாய்த்து இழுத்தான். முதல் பக்கம் வாழைப்பழத்தை மிதித்தாற்போல் வந்தது. இரண்டாவது பக்கம் பரவாயில்லை. மூன்றாவது பக்கம் முடிந்தபோது வானம் கறுத்து, நாலாவது பக்கத்தில் பாதியில் மழை பிடித்துக்கொண்டது.

"உள்ள வாங்க" என்றாள் ராணி கண்ணாடிக்குள்ளிருந்து.

"இன்னும் கொஞ்சந்தான்."

அவன் கத்தியை விடாமல் இழுத்து மூலையில் முடித்தான். பிறகு கண்ணாடியோடு முகம் வைத்துக் கேட்டான்.

"வருதா?"

ராணி கீழ் விளிம்பு நெடுக உள்ளங்கையை வைத்துத் தடவினாள். "இல்ல."

"மூலையில பாரு."

"இல்ல."

"மேல?"

"எங்கியும் இல்லன்றேன்."

வேதாசலத்துக்கு நம்பிக்கை வரவில்லை. தன் கையால் செய்த ஒன்று ஒழுகவில்லை என்றால் அதற்கு வேறு காரணம் இருந்தாக வேண்டும். சற்று யோசித்தான்.

"ஒருவேள மழ இந்தப் பக்கம் அடிக்கலியோ?"

ராணி கண்ணாடி வழியாக அவனை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள்.

"தலையத் தொட்டுப் பாருங்க" என்றாள்.

தொட்டுப் பார்த்தான். தலையிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போய், சட்டைக் காலர் வழியாக முதுகில் இறங்கிக்கொண்டிருந்தது.

"அடிக்குது" என்றான் வேதாசலம்.